அலைவுத் தொகையீட்டுச் செயலிகளின் நார்ம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஹார்மானிக் அனாலிசிஸ் (சார்புகளை அலைகளாகப் பிரித்து ஆராயும் கணிதப் பிரிவு) பக்கம் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கரும்பலகையில் முதலிலிருந்து எழுதி அலுத்துப்போய், கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டுப் பதிலும் எழுதி வைத்துவிட்டேன். குறியீடு ஒன்றே ஒன்றுதான்: லாம்டா^(-1/2) என்றால் லாம்டாவின் அடுக்கு மைனஸ் பாதி. லாம்டா எப்போதும் பெரிய மிகை எண்.

அலைவுத் தொகையீட்டுச் செயலி என்று எதைச் சொல்கிறார்கள்? சாதாரணத் தொகையீட்டுச் செயலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணத் தொகையீட்டுச் செயலி ஒய்-இன் சார்பு ஒன்றை (எஃப் என்போம்) வாங்கி, கெர்னல் (எக்ஸ், ஒய் இரண்டையும் சார்ந்த ஒரு சார்பு) ஒன்றால் பெருக்கி, ஒய்-மேல் தொகையிட்டு, எக்ஸ்-இன் சார்பாகத் திருப்பித் தரும். இங்கே அந்தக் கெர்னலுக்கு இரண்டு பகுதி. ஒன்று வீச்சு: மழமழப்பான, ஒரு சின்ன வட்டாரத்துக்கு வெளியே பூஜ்யமாகிவிடுகிற சார்பு. இன்னொன்று அலகு வட்டத்தில் சுழலும் கலப்பெண். அதன் கோணம் லாம்டா பெருக்கல் கட்டம், கட்டம் என்பது எக்ஸ், ஒய் இரண்டையும் சார்ந்த மெய்ச்சார்பு.

லாம்டா பெரிதாக ஆக அந்தக் கலப்பெண் வெறிபிடித்த மாதிரி சுழலும். அதன் மட்டு மதிப்பு மட்டும் எப்போதும் 1. ஆகவே மட்டுக்குறி போட்ட அந்த நிமிடமே அலைவு முழுக்கப் போய்விடும், மிஞ்சுவது லாம்டா பற்றி எதுவும் தெரியாத ஒரு மாறிலிதான். இந்தத் துறையில் நான் பார்த்த தப்பான நிரூபணங்களில் பாதி, மட்டுக்குறியை இரண்டு வரி முன்னதாகப் போட்டதால் வந்தவை.

நார்ம் என்கிறீர்களே, கடைசியில் நாம் தேடுவது என்ன எண்?

எல்2 அளவில் (மட்டின் வர்க்கத்தைத் தொகையிட்டு வர்க்கமூலம் எடுத்தால்) நீளம் 1 உள்ள எல்லா எஃப்-ஐயும் செயலிக்குள் போடுங்கள், வெளியே வருவதன் எல்2 நீளம் அதிகபட்சம் எவ்வளவு ஆகலாம்? அந்த எண்தான் நார்ம். அது லாம்டாவைச் சார்ந்தது. லாம்டா^(-ஏதோ ஒரு அடுக்கு) என்ற வேகத்தில் குறைகிறதா, அந்த அடுக்கு எவ்வளவு, அதைவிட நல்ல அடுக்கு கிடைக்காது என்று காட்ட முடியுமா, இந்த மூன்றும்தான் கேள்வி. முன்னால் வரும் மாறிலியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் அது லாம்டாவைச் சாராமல் இருக்க வேண்டும்.

செயலியெல்லாம் அப்புறம். முதலில் ஒரே ஒரு அலைவுத் தொகையீடு எவ்வளவு சிறியது என்று சொல்லுங்கள்.

அதற்கான கருவி வான் டெர் கார்புட் துணைத்தேற்றம், டச்சுக்காரர், 1920களில் வந்தது. ஒரு மாறியில் கட்டத்தின் கே-ஆவது வகைக்கெழுவின் மட்டு, இடைவெளி முழுக்க 1-க்குக் குறையாமல் இருந்தால் தொகையீட்டின் மட்டு, ஒரு மாறிலி பெருக்கல் லாம்டா^(-1/கே)-ஐத் தாண்டாது. கே 1 என்றால் முதல் வகைக்கெழு ஓரியல்பாக (ஏறிக்கொண்டே அல்லது இறங்கிக்கொண்டே) இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனை உண்டு. அழகு எங்கே என்றால், அந்த மாறிலி கே-ஐ மட்டும் சார்ந்தது, கட்டத்தையோ இடைவெளியின் நீளத்தையோ சாராது. வழக்கமான நிரூபணத்தில் கே 1-க்கு 3, கே 2-க்கு 8 என்று வரும்.

இது வெறும் காகித விளையாட்டு இல்லை. வானவில்லின் ஓரத்தில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று 1838-இல் ஏரி எழுதிய தொகையீட்டில் கட்டம் கன அடுக்கு, அங்கே லாம்டா^(-1/3) வருகிறது. வழக்கமான நிலைப்புள்ளியில் (முதல் வகைக்கெழு மட்டும் பூஜ்யமாகும் இடத்தில்) வருவது லாம்டா^(-1/2). 1/3 சின்ன அடுக்கு, அதனால் தொகையீடு மெதுவாகவே குறைகிறது, அதாவது அந்த இடத்தில் ஒளி கூடுதல்.

முதல் வகைக்கெழு 1-க்கு மேல் இருக்கிறது, அதுவே போதாதா? ஓரியல்பு எதற்கு இடையில்?

போதாது. வட்டமான ஓட்டப்பாதை ஒன்றில் பாதி நிழல், பாதி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வேகமாகவும் நிழலில் மெதுவாகவும் ஓடுகிறவர் எத்தனை சுற்று ஓடினாலும் அதிக நேரம் நிழலிலேயே இருந்திருப்பார். அதே மாதிரி, கலப்பெண் வலப்பாதியில் இருக்கும்போது கட்டத்தின் வகைக்கெழுவை 1 ஆகவும், இடப்பாதியில் 2 ஆகவும் வைத்தால் (முனைகளை லேசாக மழுக்கிக்கொள்ளலாம்) ஒவ்வொரு சுற்றிலும் வலப்பக்கம் மிச்சம் விழும். லாம்டா எவ்வளவு பெரிதானாலும் அந்த மிச்சம் கரையாது.

நிரூபணத்தில் பார்த்தால், பகுதித் தொகையிடல் செய்யும்போது 1/வகைக்கெழு என்பதன் மொத்த ஏற்ற இறக்கம் உள்ளே வரும். ஓரியல்பு இருந்தால் அது இரண்டு முனை மதிப்புகளின் வித்தியாசம், அவ்வளவுதான். கே 2 அல்லது அதற்கு மேல் என்றால் இந்த நிபந்தனையைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, இரண்டாம் வகைக்கெழு குறி மாறாவிட்டால் முதல் வகைக்கெழு தானாகவே ஓரியல்பு ஆகிவிடுகிறது, கே-இன் மேல் மதிப்புகள் அதிலிருந்து படிப்படியாக வருகின்றன.

சரி, செயலிக்கு வருவோம். எல்லோரும் கலப்பு வகைக்கெழு, கலப்பு வகைக்கெழு என்கிறார்கள். கட்டத்தின் மற்ற வகைக்கெழுக்கள் என்ன பாவம் செய்தன?

கலப்பு வகைக்கெழு என்றால் எக்ஸ்-ஆல் ஒரு தடவை, ஒய்-ஆல் ஒரு தடவை வகையிட்டது. கட்டம் எக்ஸ்²+ஒய்² என்று எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டாம் வகைக்கெழு 2, நன்றாகத்தான் அலைகிறது. ஆனால் எக்ஸ்² பகுதி தொகையீட்டுக்கு வெளியே வந்துவிடும், வெளியே வந்தபின் நீளம் அளக்கும்போது அதன் மட்டு 1, ஒரு மாற்றமும் இல்லை. ஒய்² பகுதியை எஃப்-ஓடு சேர்த்துக் கட்டிவிடலாம், எஃப்-இன் நீளமும் மாறாது. எதிராளி எந்த எஃப்-ஐ வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் அவர் அந்த அலைவை ரத்து செய்கிற எஃப்-ஐத்தான் எடுப்பார். நார்ம் துளியும் குறையாது.

ஆக எக்ஸ் மட்டும் உள்ள உறுப்பு, ஒய் மட்டும் உள்ள உறுப்பு எல்லாம் குப்பை. இரண்டும் கலந்த உறுப்புதான் வேலை செய்கிறது. (எக்ஸ்-ஒய்)² என்ற கட்டத்தை விரித்தால் மிஞ்சுவது -2·எக்ஸ்·ஒய் மட்டுமே, அது வேடம் போட்ட ஃபூரியர் உருமாற்றம். இரண்டு பக்கமும் டி பரிமாணம் என்றால், கலப்பு வகைக்கெழுக்களை டி×டி அணியாக அடுக்கி, அதன் அணிக்கோவை எங்கும் பூஜ்யமாகாவிட்டால் எல்2 நார்ம் லாம்டா^(-டி/2) அளவுக்குள் அடங்கும். 1973-இல் ஸ்வீடன்காரர் லார்ஸ் ஹோர்மாண்டர் எழுதியது, இந்தத் துறையின் அரிச்சுவடி.

அதை நிரூபிக்க உட்கார்ந்தால் எங்கே பிடிப்பது? எஃப் யாரென்றே தெரியாதே, பகுதித் தொகையிடல் எப்படிச் செய்வது?

சரியான தயக்கம். எஃப் கரடுமுரடாக இருக்கலாம், அதை வகையிட முடியாது. அதனால் எஃப்-ஐத் தொடாமல் ஒரு சுற்றுவழி: செயலியோடு அதன் இணைச் செயலியை (கெர்னலில் எக்ஸ், ஒய் இடம் மாற்றி, இணைக் கலப்பெண் எடுத்தது) பெருக்குங்கள். பெருக்கிய செயலியின் நார்ம், பழைய நார்மின் வர்க்கம். அதன் கெர்னல் ஒய், இன்னொரு புள்ளி ஒய்', இரண்டையும் சார்ந்தது, நடுவில் எக்ஸ் மேல் ஒரு தொகையீடு. அந்தத் தொகையீட்டுக்குள் எஃப் கிடையாது, மழமழப்பான வீச்சும் கட்டங்களின் வித்தியாசமும்தான். இங்கே தாராளமாகப் பகுதித் தொகையிடல் செய்யலாம்.

வட்டாரத்தைச் சின்னதாக எடுத்துக்கொண்டால், அணிக்கோவை பூஜ்யமில்லை என்ற நிபந்தனை கட்ட வித்தியாசத்தின் எக்ஸ்-சரிவு ஒய், ஒய்' இடையிலான தூரத்துக்கு விகிதமாகவாவது இருக்கும் என்று உறுதி தருகிறது. எத்தனை தடவை தொகையிட்டாலும் அத்தனை தடவை (1 + லாம்டா × தூரம்) என்பதால் வகுத்துக்கொண்டே போகலாம். கடைசியில் கெர்னல், தூரம் 1/லாம்டாவுக்குள் இருக்கும் இடத்தில் மட்டும் உயிரோடு இருக்கும். இப்போது மட்டுக்குறி போடலாம், இனி இழக்க ஒன்றுமில்லை. ஷூர் சோதனை (கெர்னலின் மட்டை ஒவ்வொரு மாறியிலும் தொகையிட்டு நார்முக்கு மேலெல்லை தருவது) லாம்டா^(-டி) என்று சொல்லும், வர்க்கமூலம் எடுத்தால் லாம்டா^(-டி/2).

இதைவிட நல்ல அடுக்கு வராது என்று எப்படித் தெரியும்?

ஒரு புள்ளி எக்ஸ்0-ஐப் பிடித்துக்கொண்டு, அங்கே அலைவு முழுக்க ரத்தாகும்படி எஃப்-ஐத் தேர்ந்தெடுங்கள், மேலே சொன்ன எதிராளி மாதிரி. எக்ஸ்0-இல் இருந்து 1/லாம்டா அளவு தூரத்துக்குள் கட்டம் அதிகம் நகராது, அங்கே விடையின் மட்டு ஒரு மாறிலிக்குக் குறையாது. ஆரம் 1/லாம்டா உள்ள பந்தின் பருமன் லாம்டா^(-டி), வர்க்கமூலம் லாம்டா^(-டி/2). மேலெல்லையும் கீழெல்லையும் ஒட்டிக்கொண்டன.

எல்2-வையே ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்?

பெருக்கும் தந்திரம் எல்2-இல் மட்டும்தான் இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது. எல்1-இல் (மட்டின் தொகையீடு) போட்டு எல்-முடிவிலியில் (மட்டின் உச்சம்) எடுத்தால் மட்டுக்குறி போட்ட மாறிலி கிடைக்கும், குறைவே இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இடைச்செருகல் (இரண்டு முனை மதிப்பீடுகளிலிருந்து இடைப்பட்டவற்றைப் பெறுவது) செய்தால் பாக்கி அளவுகள் தானாக வரும். உதாரணமாக ஒரு பரிமாணத்தில் எல்4/3-இல் இருந்து எல்4-க்குப் போனால் லாம்டா^(-1/4).

கலப்பு வகைக்கெழு ஒரே ஒரு இடத்தில் பூஜ்யமானால் கெட்டுப்போகுமா? ஒரு கோடுதானே, அளவு பூஜ்யம்!

கெட்டுப்போகும். கட்டம் எக்ஸ்²·ஒய் என்று எடுங்கள், கலப்பு வகைக்கெழு 2·எக்ஸ், எக்ஸ் பூஜ்யமாகும் கோட்டில் மட்டும் மறைகிறது. எஃப் ஒரு தட்டையான மேடு என்று வையுங்கள், விடை என்பது மேட்டின் ஃபூரியர் உருமாற்றத்தை லாம்டா·எக்ஸ்² என்ற இடத்தில் வாசித்தது. லாம்டா·எக்ஸ்² 1-க்குள் இருக்கும் வரை, அதாவது எக்ஸ் லாம்டா^(-1/2)-க்குள் இருக்கும் வரை, விடை பெரிதாகவே இருக்கும். அந்த நீளத்தின் வர்க்கமூலம் லாம்டா^(-1/4). எதிர்பார்த்த 1/2 போய் அதில் பாதிதான் மிஞ்சியது.

இப்போது எக்ஸ்²·ஒய்+எக்ஸ்·ஒய்² என்று ஒரு உறுப்பைச் சேருங்கள். கலப்பு வகைக்கெழு 2(எக்ஸ்+ஒய்), இதுவும் ஒரு கோட்டில் மறைகிறது, ஆனால் அடுக்கு 1/3-க்கு ஏறிவிடும். முன்னால் வரும் மாறிலியை விட்டுவிட்டால், லாம்டா 10000-க்கு மறையாத கட்டத்துக்கு 0.01, இதற்கு 0.046, முந்தையதற்கு 0.1. மறையும் கோடு அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாய்ந்திருந்தால் ஒவ்வொரு எக்ஸ்-க்கும் ஒரு துண்டு ஒய்தான் கெட்டது, படுத்திருந்தால் ஒரே எக்ஸ்-க்கு எல்லா ஒய்யும் கெட்டது.

அந்த 1/4, 1/3 எல்லாம் ஒவ்வொரு தடவையும் கையால் கணக்கிட வேண்டுமா?

ஒரு பரிமாணத்தில் வேண்டாம், இதற்கு ஒரு படம் போதும். கட்டத்தைத் தொடராக விரித்து, எக்ஸ் மட்டும், ஒய் மட்டும் உள்ள உறுப்புகளைத் தூக்கிப்போடுங்கள் (ஏன் என்று மேலேயே பார்த்தோம்). மிச்சமுள்ள ஒவ்வொரு உறுப்பின் இரண்டு அடுக்குகளையும் வரைதாளில் புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் வலமும் உள்ள கால்பகுதியை நிழலிட்டு, எல்லாவற்றையும் குவிவாக மூடுங்கள். இதுதான் நியூட்டன் பலகோணம். மூலைவிட்டக் கோடு இதற்குள் நுழையும் இடத்தின் ஆயத்தொலை என்னவோ, அதன் இருமடங்கால் 1-ஐ வகுத்தால் அடுக்கு. எக்ஸ்²·ஒய்-க்கு நுழையும் இடம் 2, விடை 1/4. இரண்டு உறுப்பும் இருந்தால் 3/2, விடை 1/3.

தொடராக விரியும் கட்டங்களுக்கு இதை 1997-இல் ஃபாங்கும் ஸ்டைனும் நிரூபித்தார்கள். தொடராக விரியாத, ஆனால் எத்தனை தடவையும் வகையிடக்கூடிய கட்டங்களுக்கு ரிச்கோவ், அப்புறம் 2005-இல் கிரீன்பிளாட் என்று வேலை முடிந்தது. அதிகப் பரிமாணங்களில் இவ்வளவு சுத்தமான படம் கிடையாது.

எக்ஸ் பக்கம் ஒரு பரிமாணம் கூடுதலாக இருந்தால்? கட்டுரைகளில் எல்லாம் அதுதான் வருகிறது.

ஆமாம், உண்மையான சண்டை அங்கேதான். எக்ஸ் மூன்று பரிமாணம், ஒய் இரண்டு என்று வைத்துக்கொள்வோம், எஃப் எங்கும் 1-ஐத் தாண்டாது. கலப்பு அணியின் தரம் 2, கூடவே ஒரு வளைவு நிபந்தனை. நாம் கேட்பது, விடையின் எல்க்யூ நீளம் (மட்டின் க்யூ அடுக்கைத் தொகையிட்டு க்யூ-ஆவது மூலம்) லாம்டா^(-3/க்யூ) அளவுக்குள் எந்த க்யூ-க்கு எல்லாம் அடங்கும்? தளத்தில் இதற்கு இணையான கேள்வியைக் கார்ல்சனும் ஷோலினும் 1972-இல் தீர்த்தார்கள். ஹோர்மாண்டர் அதைப் பொதுவாக்கி, அதிகப் பரிமாணத்திலும் இப்படியே வருமா என்று கேட்டார். மூன்றில் எதிர்பார்ப்பு, க்யூ 3-க்கு மேல் இருந்தால் போதும் என்பது. ஸ்டைன் 1986-இல் க்யூ 4-இல் இருந்து மேலே எல்லாம் சரி என்றார். 3-க்கும் 4-க்கும் நடுவில் என்ன?

1991-இல் ழான் போர்கேன் வந்து, ஒன்றும் இல்லை, 4-க்குக் கீழே பொதுவாக உடைந்துவிடும் என்று ஒரு கட்டத்தையே எழுதிக் காட்டிவிட்டார்.

போர்கேனின் எதிர் உதாரணம் எப்படித்தான் வேலை செய்கிறது? கட்டுரையைத் திறந்தாலே பயமாக இருக்கிறது.

அந்த வகையில் ஒரு கட்டம்: எக்ஸ்1·ஒய்1 + எக்ஸ்2·ஒய்2 + நே·ஒய்1·ஒய்2 + நே²·ஒய்1²/2. மூன்றாவது மாறியை நே, நேரம், என்கிறேன். எஃப்-ஐ லாம்டா^(-1/2) அகலத் துண்டுகளாக வெட்டினால், ஒவ்வொரு துண்டும் அதே தடிமனுள்ள ஒரு வளைந்த குழாய் வழியே போகும். குழாயின் நடுக்கோட்டில் ஒய்-சரிவு மாறாமல் இருக்கும்: எக்ஸ்1 + நே·ஒய்2 + நே²·ஒய்1 ஒரு மாறிலி, எக்ஸ்2 + நே·ஒய்1 இன்னொரு மாறிலி. இந்த மாறிலிகளை ஒவ்வொரு துண்டுக்கும் நம் இஷ்டப்படி வைக்கலாம். முதலாவதை 0, இரண்டாவதை -ஒய்2 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள், ஒய் என்னவாக இருந்தாலும் எக்ஸ்1 = நே·எக்ஸ்2 என்று வரும். இரண்டு வரிக் கணக்கு, நீங்களே செய்துவிடுங்கள்.

அதாவது எல்லாக் குழாயும் ஒரே பரப்பில் போய் அடைகிறது. லாம்டா 10000 என்றால் 10000 குழாய்கள், ஒவ்வொன்றின் பருமன் 0.0001 அளவு, மொத்தம் 1. அத்தனையும் 0.01 பருமனுள்ள ஒரு தகட்டுக்குள் அடைபட்டிருக்கிறது, தகட்டின் ஒவ்வொரு புள்ளி மேலும் சராசரியாக 100 குழாய். துண்டுகளின் குறிகளை (+ அல்லது -) காசு சுண்டிப் போட்டாலே க்யூ 10/3-க்குக் கீழே மதிப்பீடு உடைகிறது. போர்கேன் குறிகளைச் சுண்டவில்லை, பார்த்துப் பார்த்து வைத்து, ஆற்றல் முழுவதையும் லாம்டா^(-1/2) தடிமனுக்குப் பதில் 1/லாம்டா தடிமனில் நெருக்கினார். அங்கே விடையின் மட்டு லாம்டா^(-1/2), பருமன் 1/லாம்டா, இதை லாம்டா^(-3/க்யூ)-ஓடு ஒப்பிட்டால் க்யூ 4 என்று வந்து நிற்கும்.

அப்படியானால் 10/3-க்கும் ஒரு அர்த்தம் இருக்க வேண்டுமே?

இருக்கிறது. மேலுள்ள கட்டத்தில் வளைவு சேணம் மாதிரி, ஒரு திசையில் மேலே, மறு திசையில் கீழே. கிண்ணம் மாதிரி எல்லாத் திசையிலும் ஒரே பக்கம் வளைந்தால் போர்கேனின் நெருக்கல் நடக்காது, காசு சுண்டும் உதாரணம் மட்டும் மிஞ்சும். மூன்று பரிமாணத்தில் க்யூ 10/3-க்கு மேல் சரி என்பதைச் சாங்ஹ்யுக் லீ 2006-இல் காட்டினார், எல்லாப் பரிமாணத்துக்கும் கடைசி எல்லை வரை லாரி கூத், ஹிக்மேன், இலியோபூலு மூவரும் 2019-இல் முடித்தார்கள்.

கவனியுங்கள், குழாய்கள் நேராக இருக்கும் கட்டங்களுக்கு இது எல்லை இல்லை. அங்கே இப்படி ஒரே பரப்பில் அடைக்க முடியாது. கூத் 2016-லேயே 3.25 வரை இறங்கிவிட்டார், 10/3-ஐவிடக் கீழே. நேர்க் குழாய்களை எவ்வளவு நெருக்கலாம் என்ற முப்பரிமாண ககேயா கேள்விக்கு ஹாங் வாங், ஜாஷுவா ஸால் இருவரும் 2025-இல் பதில் வெளியிட்டார்கள், ஆனால் அதனால் க்யூ 3 தானாக வந்துவிடாது, குழாய்களின் பருமன் வேறு, அவற்றின் மேல் அலைகள் ஒன்றையொன்று வெட்டுவது வேறு.

இதையெல்லாம் கணினியில் போட்டுச் சரிபார்க்கலாமா? நான் எக்ஸ்·ஒய் கட்டத்துக்குப் போட்டேன், லாம்டாவை ஏற்ற ஏற்ற நார்ம் 0.1-இல் நின்றுவிட்டது, தேற்றம் தப்பா?

தேற்றம் சரி, நீங்கள் வைத்த புள்ளிகள்தான் போதவில்லை. 0 முதல் 1 வரை 100 புள்ளிதானே வைத்தீர்கள்? 100×100 அணியில் எல்லா உறுப்பின் மட்டும் 1, வர்க்கங்களின் கூட்டல் 10000. அதை 100 சிறப்பு மதிப்புகளின் (singular values, இவற்றில் பெரியதே அணியின் நார்ம்) வர்க்கங்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன, ஆகவே மிகப் பெரிய சிறப்பு மதிப்பு 10-க்குக் குறைய வழியே இல்லை. புள்ளி இடைவெளி 0.01-ஆல் பெருக்கினால் 0.1. லாம்டா எதுவானாலும் அந்தத் தரைக்குக் கீழே இறங்காது. லாம்டா 10000-க்கு உண்மையான மதிப்பு (2·பை/லாம்டா)-இன் வர்க்கமூலத்தைத் தாண்டாது, அது ஏறத்தாழ 0.025.

புள்ளிகளின் எண்ணிக்கை லாம்டாவைவிடச் சில மடங்கு அதிகமாக இருக்கட்டும். அப்புறம் லாம்டாவை இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு தடவையும் நார்ம் எத்தனை மடங்காகிறது என்று பாருங்கள்: 0.707 என்றால் அடுக்கு 1/2, 0.794 என்றால் 1/3, 0.841 என்றால் 1/4. எக்ஸ்²·ஒய்-ஐயும் இரண்டு உறுப்புக் கட்டத்தையும் அடுத்தடுத்து ஓட்டுங்கள். பின்னதற்கு இடைவெளியை -1 முதல் 1 வரை வையுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்+ஒய் மறையும் கோடு மூலையில் ஒரு புள்ளியாகத்தான் உள்ளே வரும்.